பாதாம் கன்டெய்னரும் பேட்டரி லாரியும்

நம்ம ஊர் மளிகைக் கடையில் கிடைக்கும் பாதாமில் பெரும்பகுதி கலிஃபோர்னியாவில் விளைந்தது. உலக உற்பத்தியில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கு அந்த ஒரு மாநிலத்தில்தான். அதை அதிகமாக வாங்கும் வெளிநாடு இந்தியா. அந்தப் பாதாம் கப்பல் ஏறுவதற்கு முன்னால் லாரியில் போகும் சில மணி நேரம்தான் இங்கே விஷயம்.

கிடங்கிலிருந்து துறைமுகத்துக்கு கன்டெய்னரை இழுத்துப்போகும் தொழிலுக்கு டிரேயேஜ் என்று பெயர். குதிரைவண்டி காலத்துச் சொல். நெடுஞ்சாலையில் ஓடித் தேய்ந்த பழைய லாரிகள் கடைசியாக வந்து சேரும் தொழில் இது. அந்தப் புகையைச் சுவாசித்தவர்கள் மேற்கு ஓக்லாந்து மாதிரி துறைமுகத்தை ஒட்டிய ஏழைக் குடியிருப்புகளின் மக்கள். கலிஃபோர்னியாவின் காற்று வளங்கள் வாரியம் 2007 டிசம்பரில் ஒரு விதி போட்டது: 2010 முதல், 1994-க்கு முந்தைய எஞ்சின் உள்ள லாரிகள் துறைமுகத்துக்குள் வரக்கூடாது, அதற்கடுத்த பத்தாண்டு எஞ்சின்களுக்குப் புகை வடிகட்டி கட்டாயம். பெர்க்லி ஆய்வாளர்கள் ஓக்லாந்து சாலையிலேயே கருவிகளை வைத்து அளந்தார்கள். 2009-க்கும் 2013-க்கும் நடுவில் கரித்துகள் சுமார் முக்கால் பங்கு குறைந்திருந்தது. விதி வேலை செய்தது.

அந்தத் தெம்பில்தான் அடுத்த பாய்ச்சல் வந்தது என்று நினைக்கிறேன். 2023 ஏப்ரலில் நிறைவேறிய விதிப்படி, 2024 ஜனவரி 1-க்குப் பிறகு துறைமுக வேலைக்குப் புதிதாகப் பதிவாகும் லாரி புகையே விடாததாக இருக்க வேண்டும். 2035-க்குள் எல்லா லாரியும் அப்படி மாற வேண்டும். ஏற்கெனவே பட்டியலில் இருக்கும் டீசல் லாரிக்கு ஆயுள் முடியும்வரை அனுமதி. நம்ம சாஃப்ட்வேர் பாஷையில் சொன்னால், லெகஸி சிஸ்டத்தை அப்படியே ஓடவிட்டு, புது என்ட்ரியை மட்டும் லாக் செய்வது.

சிக்கல் எடையில் இருக்கு. லாரி, கன்டெய்னர், சரக்கு எல்லாம் சேர்த்து சாலையில் அனுமதி 80,000 பவுண்டு, அதாவது சுமார் 36 டன். நாற்பதடி கன்டெய்னரில் பாதாம் மட்டுமே 44,000 பவுண்டு ஏற்றுவார்கள். வண்டி, பெட்டி எடையைக் கூட்டினால் எல்லையை நெருங்கிவிடும். பேட்டரி லாரி டீசல் லாரியைவிடப் பல ஆயிரம் பவுண்டு கனம். கலிஃபோர்னியா சட்டம் அதற்காகக் கொடுத்த கூடுதல் சலுகை 2,000 பவுண்டுதான். மிச்சத்துக்கு பாதாமைத்தான் குறைக்க வேண்டும். ஆசியாவிலிருந்து வரும் செருப்பு, பொம்மை, சோஃபா கன்டெய்னர்களுக்கு இந்தத் தலைவலி குறைவு. எடை எல்லையைத் தொடுவதற்குள் இடம் நிரம்பிவிடும்.

அடுத்தது தூரம். லாஸ் ஏஞ்சலஸ் துறைமுகத்தில் இறங்கும் சரக்கு பெரும்பாலும் நூறு கிலோமீட்டருக்குள் ஒரு கிடங்கில் போய் நிற்கும். ஃப்ரெஸ்னோவிலிருந்து ஓக்லாந்து போய் வர சுமார் 560 கிலோமீட்டர். பேக்கர்ஸ்ஃபீல்டிலிருந்து தெற்கே போனால் 1,260 மீட்டர் உயர டெஹோன் கணவாயை ஏற வேண்டும். அப்போது விற்பனைக்கு இருந்த ஃப்ரெய்ட்லைனர் இகாஸ்கேடியாவின் உச்ச வீச்சு 370 கிலோமீட்டர், வால்வோவுடையது 440. என் வாசிப்பில், இறக்குமதி லாரியை மனதில் வைத்து எழுதிய விதியை ஏற்றுமதி லாரிக்கும் மாட்டிவிட்டார்கள்.

லாரி வாடகை ஏறினால் இறக்குமதிக்காரர் பொருள் விலையில் கொஞ்சம் ஏற்றிக்கொள்வார். பாதாம் விவசாயிக்கு அந்த வசதி கிடையாது. விலை உலகச் சந்தையில் முடிவாகிறது, ஆஸ்திரேலியாவும் ஸ்பெயினும் போட்டிக்கு நிற்கின்றன. ஏறிய வாடகை அவர் கைக்கு வரும் பணத்தில்தான் கழியும்.

அதற்காக ஏற்றுமதியாளர் சொல்வதை அப்படியே வாங்கிக்கொள்ளவும் முடியாது. பாதாம் விளையும் சான் வாகீன் பள்ளத்தாக்கின் காற்று அமெரிக்காவிலேயே மிக மோசமானவற்றில் ஒன்று. டீசல் லாரி அதற்கு ஒரு முக்கியக் காரணம். சுவாசிப்பவர்களில் அதே தோட்டங்களின் கூலித் தொழிலாளர்களும் உண்டு.

விதி கடைசியில் சட்டத்தில் தடுக்கியது. அமலாக்க மத்திய அரசின் விலக்கு தேவைப்பட்டது. அது கிடைக்காமலே, டிரம்ப் பதவியேற்பதற்குச் சில நாள் முன்பு, 2025 ஜனவரியில் வாரியம் விண்ணப்பத்தைத் திரும்பப் பெற்றது. செப்டம்பரில் துறைமுக லாரிகளுக்கான பகுதியை நீக்க வாக்களித்தது. மாநில, உள்ளாட்சி அரசு வண்டிகளுக்கான பகுதி மட்டும் தப்பியது.