‘உக்கும்’ பை எங்கே உக்கும்?

திருகோணமலை அன்புவழிபுரம் போன்ற இடங்களில் இடியப்பம், புட்டு, சோற்றுப் பார்சல் கட்டி விற்று வீடு நடத்தும் குடும்பங்கள் பல. அவர்களுக்கு பொலித்தீன் என்பது சூழல் பற்றிய விவாதம் மட்டுமல்ல, அன்றாடச் செலவுக் கணக்கும்கூட. பொலித்தீனுக்கு எதிரான சட்டங்கள் இறுகி வரும்போது, அதன் இடத்துக்கு ‘உக்கும்’, ‘சூழலுக்கு உகந்தது’ என்று அச்சிட்ட பைகளும் லஞ்ச் சீற்றுகளும் வருகின்றன. விலை கூடிய இந்தப் பைகள் உண்மையில் உக்குமா, எங்கே உக்கும் என்பதை வாங்குபவருக்கு யாரும் சொல்வதில்லை.

சட்டம் உருவாக்கிய சந்தை

உலகில் ஆண்டுதோறும் 40 கோடித் தொன்னுக்கும் அதிகமான பிளாஸ்டிக் உற்பத்தியாகிறது. 2024 இல் உயிரிப் பிளாஸ்டிக் உற்பத்தித் திறன் ஏறத்தாழ 25 இலட்சம் தொன். மொத்தத்தில் இது ஒரு வீதத்துக்கும் குறைவு. தாவரத்திலிருந்து செய்யப்பட்டாலும் உக்காத வகைகளும் இந்தக் கணக்கில் அடங்கும். இந்தத் திறனில் அரைவாசிக்கும் மேல் ஆசியாவில் இருக்கிறது.

ஆசியாவில் இந்தச் சந்தையை வளர்த்ததில் மூலப்பொருளுக்கும் சட்டத்துக்கும் பெரும் பங்கு உண்டு. மரவள்ளியும் கரும்பும் மிகுந்த தாய்லாந்து இதற்கு நல்ல உதாரணம். அங்கு ரயோங் மாகாணத்தில் ஆண்டுக்கு 75,000 தொன் பி.எல்.ஏ. தயாரிக்கக்கூடிய தொழிற்சாலை 2018 இல் இயங்கத் தொடங்கியது. மாச்சத்து அல்லது சீனியை நொதிக்கவைத்து லக்ரிக் அமிலமாக்கி, அதிலிருந்து செய்யப்படும் பிளாஸ்டிக்கே பி.எல்.ஏ.

சீனா 2020 ஜனவரியில் உக்காத பைகளையும் உறிஞ்சு குழாய்களையும் படிப்படியாகத் தடை செய்யும் திட்டத்தை அறிவித்தது. ஓராண்டு முடிவதற்குள் 36 நிறுவனங்கள் புதிய தொழிற்சாலைகளைத் திட்டமிட்டன அல்லது கட்டின. அவற்றின் மொத்தத் திறன் 44 இலட்சம் தொன்னுக்கும் மேல் என்று அந்த ஆண்டு டிசம்பரில் கிரீன்பீஸ் அமைப்பு கணக்கிட்டது. உக்கவைக்கும் வசதி இல்லாமல் பை மட்டும் பெருகினால் பிரச்சினை தீராது என்றும் அது எச்சரித்தது.

தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் 14 வகை பிளாஸ்டிக் பொருட்கள் தடை செய்யப்பட்டன. இந்திய மத்திய அரசின் தடை 2022 ஜூலை 1 இல் வந்தது. பின்னர் 2024 இல் இந்தியா ‘உக்கும்’ என்பதற்கான வரைவிலக்கணத்தையே இறுக்கியது. நுண்பிளாஸ்டிக் எதையும் மிச்சம் வைக்காத பொருளையே இனி அப்படி அழைக்கலாம். போலியான உரிமைகோரல்கள் சந்தையில் பெருகியதற்குக் கிடைத்த பதில் இது.

உக்குவது என்றால் என்ன?

‘உக்கும்’ என்ற ஒரே சொல்லுக்குள் நான்கு வெவ்வேறு பொருட்கள் ஒளிந்திருக்கின்றன.

முதலாவது பி.எல்.ஏ. இது முழுமையாக உக்குவதற்கு சுமார் 58 பாகை செல்சியஸ் வெப்பமும் ஈரமும் வாரக்கணக்கில் வேண்டும். இது பெரிய கூட்டெரு நிலையங்களின் வெப்பநிலை. வீட்டு முற்றத்துக் குழியில் இந்த வெப்பம் நிலைப்பதில்லை. கடலில் விழுந்தாலோ பி.எல்.ஏ. மிக நீண்டகாலம் அப்படியே கிடக்கும்.

இரண்டாவது பி.பி.ஏ.ரி. பெரும்பாலும் பெற்றோலியத்திலிருந்தே செய்யப்படுகிறது, ஆனாலும் கூட்டெருவில் உக்கும். பைகளுக்கு நெகிழ்வைக் கொடுக்க பி.எல்.ஏ. உடன் இதைக் கலப்பார்கள்.

மூன்றாவது பி.எச்.ஏ. குடும்பம். நுண்ணுயிர்கள் தமக்குள் சேமித்து வைக்கும் பொருளிலிருந்து பெறப்படுவது. மண்ணிலும் கடலிலும் உக்கக்கூடியது, ஆனால் விலை மிக அதிகம்.

நான்காவது ‘ஒக்சோ’ வகை. இது சாதாரண பொலித்தீன்தான். வெயிலில் நொறுங்குவதற்காக ஓர் இரசாயனம் சேர்க்கப்பட்டிருக்கும். துண்டு துண்டாகி கண்ணுக்குத் தெரியாமல் போவதை உக்கியதாகச் சொல்லி விற்றார்கள். ஐரோப்பிய ஒன்றியம் 2021 ஜூலை முதல் இதைத் தடை செய்திருக்கிறது.

இங்கிலாந்தின் பிளிமத் பல்கலைக்கழகம் 2019 இல் வெளியிட்ட ஆய்வு இதைத் தெளிவாக்குகிறது. ‘உக்கும்’ என்று விற்கப்பட்ட ஒரு பை, மண்ணிலும் கடலிலும் மூன்று ஆண்டுகள் கிடந்த பிறகும் கடைச் சாமான் தாங்கும் நிலையில் இருந்தது. கூட்டெருவுக்கு உரியது என்று விற்கப்பட்ட மற்றொரு பை மூன்று மாதங்களுக்குள் கடலில் மறைந்துவிட்டது. ஆனால் மண்ணில் 27 மாதங்களின் பின்னும் அது கிடந்தது. ஆகவே பையை மட்டும் பார்த்து உக்கும் என்று சொல்லிவிட முடியாது. அது போய்ச் சேரும் இடத்தையும் பார்க்க வேண்டும்.

இலங்கையின் நிலை

இலங்கை 2007 இல் 20 மைக்ரோனுக்கு மெல்லிய பொலித்தீனைத் தடை செய்தது. 2017 ஏப்ரலில் மீதொட்டமுல்ல குப்பைமேடு சரிந்து 30 பேருக்கும் மேல் உயிரிழந்தனர். அதே ஆண்டு செப்டெம்பர் 1 இல் லஞ்ச் சீற், பொலித்தீன் பை, ரெஜிபோம் உணவுப் பெட்டி ஆகியவற்றுக்கு எதிரான தடைகள் வந்தன. 2023 ஒக்டோபர் 1 இல் பிளாஸ்டிக் உறிஞ்சு குழாய், தட்டு, கரண்டி, மாலை, இடியப்பத் தட்டு என்பன தடைப் பட்டியலில் சேர்ந்தன. 2025 நவம்பர் 1 முதல் கைபிடியுள்ள பொலித்தீன் பைகளை கடைகள் இலவசமாகக் கொடுக்க முடியாது.

பையின் வரவைக் கட்டுப்படுத்தச் சட்டங்கள் இருக்கின்றன. பையின் முடிவுக்கு அதே அளவு ஏற்பாடு இல்லை. 2008 இல் தொடங்கிய பிலிசரு திட்டத்தின் கீழ் பல உள்ளூராட்சி சபைகள் கூட்டெரு நிலையங்களை அமைத்தன. ஆனால் உக்கும் பையையும் சாதாரண பையையும் கண்ணால் பிரித்தறிவது கடினம். எனவே குப்பை பிரிக்கும் இடத்தில் இரண்டும் ஒன்றாகவே ஒதுக்கப்படும். எரித்தால் இரண்டும் ஒன்றுதான். பி.எல்.ஏ. போத்தல்கள் சாதாரண போத்தல்களுடன் கலந்தால் மீள்சுழற்சியும் கெட்டுவிடும்.

கிழக்கு மாகாணத்துக்கு இதன் விளைவு புதிதல்ல. அம்பாறை பள்ளக்காடு குப்பைமேட்டில் பிளாஸ்டிக்கை உண்டு எட்டு ஆண்டுகளில் சுமார் 20 யானைகள் இறந்ததாக 2022 ஜனவரியில் செய்தி வந்தது. உக்கும் பையும் அதே மேட்டுக்குத்தான் போகிறது என்றால், யானைக்கு அந்த வேறுபாடு தெரியப்போவதில்லை.

விலையை யார் கொடுப்பது?

தறப்பாளின் கீழ் ஆண்டுக்கணக்கில் வாழ்ந்த மக்களிடம் பிளாஸ்டிக் என்றாலே கெடுதல் என்று சொல்லிவிட முடியாது. இடம்பெயர்ந்த நாட்களில் மழையைத் தடுத்ததும், தண்ணீர் சுமந்ததும் அதுதான். மலிவு என்பதால்தான் போருக்குப் பிந்தைய சிறு வியாபாரங்களும் அதில் தங்கி நின்றன. சோற்றுப் பார்சலின் இலாபமே சொற்பம். விலை கூடிய பையின் சுமை, பெண்கள் தனியாக நடத்தும் குடும்பங்களின் மீது முதலில் விழும். அந்த விலை கொடுத்தும் பை உக்காது என்றால், அது ஏழையிடமிருந்து எடுத்த வீண் வரி.

மாற்று நம்மிடம் இல்லாமலும் இல்லை. வாழையிலை, தாமரை இலை, கமுகம் பாளைத் தட்டு, மீன் வாங்கக் கொண்டுபோன பனையோலை உமல், பன்னப்பெட்டி ஆகியன தொழிற்சாலைச் சூடு இல்லாமலே உக்குபவை. 1978 இல் உருவாக்கப்பட்ட பனை அபிவிருத்திச் சபையின் பணி, பனைசார் கைத்தொழிலை வளர்ப்பது. போரில் பெருந்தொகைப் பனைகளை இழந்த பிரதேசங்களில் பனை நடுகையும் ஓலைத் தொழிலும் சேர்ந்து வளர்ந்தால், பைக்குக் கொடுக்கும் பணம் ஊருக்குள்ளேயே சுற்றும்.

வாங்கும் முன் கேட்க வேண்டியவை

ஒன்று: இது எதனால் செய்யப்பட்டது? ‘ஒக்சோ’ என்றால் வாங்க வேண்டாம். இரண்டு: வீட்டுக் குழியிலேயே உக்குமா, தொழிற்சாலைக் கூட்டெருவில் மட்டுமா? பின்னதென்றால் எங்கள் சபையில் அந்த வசதி உண்டா? மூன்று: யார் சோதித்தார்கள், எந்தத் தரச் சான்று? பதில் இல்லாத பைக்கு அதிக விலை கொடுக்கத் தேவையில்லை.

இதே கேள்விகளை உள்ளூராட்சி சபைகளிடமும் மத்திய சுற்றாடல் அதிகாரசபையிடமும் கேட்கலாம். உக்கும் பையை அனுமதிக்கும் அதிகாரிகள் அதைத் தனியாகச் சேகரித்து உக்கவைக்கும் வழியையும் காட்ட வேண்டும். அதுவரை ஒரு துணிப்பையைத் துவைத்துத் துவைத்துப் பாவிப்பதே செலவும் குப்பையும் குறைந்த வழி.