எழும்பூரில் எழுந்த கேள்வி

1952-இல் சிங்கப்பூரிலிருந்து வந்த இரண்டு பிடிவாரண்டுகள், குற்றம் சாட்டப்பட்டவரை வேறொரு நாட்டிடம் ஒப்படைப்பது பற்றிய பழைய சட்டத்தையே ஆட்டம் காண வைத்தன. அங்கே வழக்கறிஞர்களாக இருந்த மேனன் தம்பதியர் மீது நம்பிக்கை மோசடிக் குற்றச்சாட்டு. இந்தியக் குடிமக்களான இருவரும் அப்போது இந்தியாவுக்கு வந்திருந்தார்கள். சிங்கப்பூர் அரசு கேட்டுக்கொண்டதன் பேரில் கைதுசெய்யப்பட்டு, எழும்பூர் தலைமை பிரசிடென்சி மாஜிஸ்திரேட் முன் நிறுத்தப்பட்டார்கள்.

அப்போது கையில் இருந்தது 1881-இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் இயற்றிய சட்டம். பேரரசின் தொலைதூரப் பகுதி ஒன்று ஆளைக் கேட்டால், குற்றத்துக்கு முகாந்திரம் உண்டா என்று மாஜிஸ்திரேட் சான்றுகளைப் பார்த்தாக வேண்டும். ஒரே தொகுதியாகச் சேர்க்கப்பட்ட பகுதிகளுக்கு அது தேவையில்லை. வாரண்டு முறையானதா, நிற்பவர் அதில் பெயருள்ளவர்தானா என்று பார்த்தால் போதும். ஒரே வீட்டில் ஓர் அறையிலிருந்து மற்றோர் அறைக்கு ஆளை அனுப்ப விசாரணை எதற்கு என்ற எண்ணம்தான் இதற்கு அடிப்படை. சிங்கப்பூர் வாரண்டுகள் இந்தக் குறுக்கு வழியில் வந்தவை.

குடியரசான பின்னும் இது செல்லுமா? மாஜிஸ்திரேட் இந்தக் கேள்வியை உயர் நீதிமன்றத்துக்கு அனுப்பிவைத்தார். சிலருக்கு மட்டும் சான்று பார்க்காமல் அனுப்புவது சட்டத்தின் முன் சமத்துவத்துக்கு முரண் என்றது சென்னை உயர் நீதிமன்றம். சென்னை மாநில அரசின் மேல்முறையீட்டை 1954-இல் உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. இந்தியா இப்போது பிரிட்டிஷ் உடைமை அல்ல. ஆகவே அந்தத் தொகுதி ஏற்பாடு இங்கே செல்லாது என்பது அதன் முடிவு.

இதனால் ஏற்பட்ட வெற்றிடத்தை நிரப்ப வந்ததே 1962-ஆம் ஆண்டின் ஒப்படைப்புச் சட்டம். வெளிநாட்டவரை அரசு தானே வெளியேற்றும் நாடு கடத்தல் வேறு, இது வேறு. பத்திரிகைகள் இரண்டையும் ஒரே சொல்லால் குறிப்பது குழப்பத்தையே வளர்க்கிறது. வெளிநாடு ஒருவரைக் கேட்டால், மத்திய அரசு மாஜிஸ்திரேட் விசாரணைக்கு உத்தரவிடும். முகாந்திரம் இல்லையென்றால் அவரை விடுவிக்க வேண்டும். இருந்தால் சிறையில் வைத்து அரசுக்கு அறிக்கை அனுப்ப வேண்டும். அனுப்புவதா வேண்டாமா என்று அரசு முடிவெடுக்கும்.

அரசியல் குற்றத்துக்காகக் கேட்கப்படுபவரை ஒப்படைக்கக் கூடாது. 1908-இல் பாரதி புதுச்சேரியில் தஞ்சம் புகுந்ததை அறிந்தவர்களுக்கு இந்த விலக்கின் அருமையை விளக்கத் தேவையில்லை. ஆனால் கொலை, பயங்கரவாதம் போன்றவற்றுக்கு இது பொருந்தாது. எந்தக் குற்றத்துக்காக ஒப்படைக்கிறோமோ அதற்கு மட்டுமே விசாரிக்க வேண்டும் என்பதும் விதி. சிறையில் வைக்கப்பட்டவரை இரண்டு மாதங்களுக்குள் இந்தியாவிலிருந்து அனுப்பிவைக்காவிட்டால், அவர் உயர் நீதிமன்றத்தை நாடலாம். தக்க காரணம் காட்டப்படாவிட்டால் நீதிமன்றம் அவரை விடுவிக்கலாம்.