மஞ்சள் ஏறிய மெக்கின்டாஷ்

1987 மார்ச்சில் மெக்கின்டாஷ் எஸ்.இ. கணினி விற்பனைக்கு வந்தபோது அதன் கூடு இளஞ்சாம்பல் நிறம். ஆப்பிள் அதற்கு வைத்த பெயர் பிளாட்டினம். ஒன்பது அங்குலக் கறுப்பு வெள்ளைத் திரை, அதற்குக் கீழே பிளாப்பி செருகும் வாய். 1990இல் உற்பத்தி நின்றது. புது மாடல்கள் வர வர, மேசையிலிருந்து அலமாரிக்கும் அங்கிருந்து பரணுக்கும் போனது. இன்று பரணிலிருந்து இறங்கும் எஸ்.இ.க்களில் பல, பழுத்த மஞ்சளாக இருக்கின்றன.

அதன் காலத்து ஆப்பிள் எக்ஸ்டெண்டட் விசைப்பலகையை அருகில் வைத்துப் பாருங்கள். எழுத்து விசைகள் கிட்டத்தட்ட பழைய நிறத்திலேயே இருக்கும். நீளமான ஸ்பேஸ் பார் மட்டும் மஞ்சளாகியிருக்கும். எழுத்து விசைகள் பி.பி.டி. என்ற பிளாஸ்டிக். ஸ்பேஸ் பார், கணினிக் கூட்டைப் போலவே ஏ.பி.எஸ். எத்தனை விளக்கம் சொன்னாலும் இந்த ஒரு காட்சிக்கு ஈடாகாது.

தீப்பிடிக்காமல் இருக்கச் சேர்த்த புரோமின் சேர்மங்கள்தான் குற்றவாளி என்று நெடுங்காலம் சொல்லிவந்தார்கள். அது முழுக் கதையல்ல. அந்தச் சேர்மங்கள் சேராத, ஏ.பி.எஸ்.ஸால் ஆன பழைய லெகோ கட்டைகளும் மஞ்சளாகின்றனவே! ஏ.பி.எஸ்.ஸில் கலந்திருக்கும் பியூட்டடையீன் ரப்பர் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு வினைபுரிகிறது. புற ஊதாக் கதிர் அதை விரைவுபடுத்துகிறது, வெப்பமும் துணைபோகிறது. அதனால்தான் இருட்டுப் பெட்டிக்குள் கிடந்தவையும் தப்புவதில்லை.

2008இல் ‘ரெட்ரோபிரைட்’ வந்தது. ஹைட்ரஜன் பெராக்சைடைப் பசையாக்கிப் பூசி, புற ஊதா விளக்கிலோ வெயிலிலோ வைக்கும் முறை. பூச்சு எங்காவது காய்ந்துபோனால் திட்டுத்திட்டாக வெளுக்கும். அந்தத் தேமலைப் போக்குவது மஞ்சளைப் போக்குவதைவிடக் கடினம்.

பிறகுதான் சிலர் பெராக்சைடே இல்லாமல் வெறும் வெயிலில் வைத்துப் பார்த்தார்கள். மஞ்சளாக்கிய வெயிலே வெளுக்கவும் செய்தது! ஒரு பொருள் மஞ்சளாகத் தெரிகிறதென்றால் அது நீல ஒளியை உறிஞ்சுகிறது என்று அர்த்தம். உறிஞ்சிய அந்த ஆற்றலே நிறம் தரும் மூலக்கூறுகளைச் சிதைக்கிறது. கூட்டைத் தனியாகக் கழற்றி, சோப்பு நீரில் கழுவி, வற்றலைத் திருப்பிப் போடுவதுபோல எல்லாப் பக்கமும் வெயில் படும்படி மாற்றி மாற்றி வைத்தால், சில நாட்களில் சாம்பல் நிறம் வெளிவரத் தொடங்கும். சூடு மட்டும் அதிகமாகக் கூடாது, ஏ.பி.எஸ். வளைந்துவிடும்.

இதுவும் நிரந்தரமல்ல, ஆண்டுகள் போனால் மஞ்சள் திரும்பும். ஆனாலும் முதலில் வெயிலை நம்புங்கள் என்பேன். போதவில்லையென்றால் பெராக்சைடு எங்கே போகிறது?

அதற்கும் முன்னால் ஒரு வேலை உண்டு. எஸ்.இ.யின் மதர்போர்டில் சிறிய லித்தியம் பேட்டரி ஒன்று இருக்கிறது. அது கசிந்தால் செம்புத் தடங்களையே அரித்துவிடும். திரைக்குழாயில் உயர் மின்னழுத்தம் தேங்கியிருக்கக்கூடும் என்பதால், விவரம் தெரிந்தவரை வைத்துத் திறந்து, இன்றே அந்தப் பேட்டரியை எடுத்துவிடுங்கள். மஞ்சளுக்கு அவசரமில்லை.