திருப்பிச் சொல்லியவர்கள்

மாணவர்கள் ஒருவருக்கொருவர் துணையாகிக் கூடிக் கற்கும் முறையை இக்காலக் கல்வியாளர் பெரிதும் போற்றுகின்றனர். அதனை மேலைநாட்டாரின் புதுமை எனக் கருதுவோரும் உளர். பக்தாதின் வரலாற்றை அறிந்தோர்க்கோ அது பழகிய செய்தியே.

அப்பாஸியக் கலீபா முஸ்தன்ஸிர், டைக்ரிஸ் எனப்படும் தஜ்லா நதியின் கீழ்க்கரையில் எழுப்பிய முஸ்தன்ஸிரிய்யா மதரஸா கி.பி. 1234-இல் திறக்கப்பெற்றது. நான்கு மத்ஹபுகளும் அங்கே கற்பிக்கப்பட்டன. மத்ஹபு ஒவ்வொன்றுக்கும் மாணவர் 62 பேர், ஆசிரியர் ஒருவர், அவருக்குத் துணையாக முஈதுகள் நால்வர். அதாவது, ஏறத்தாழப் பதினைந்து மாணவர்க்கு ஒரு முஈது.

முஈது என்பதற்குத் திருப்பிச் சொல்பவர் என்று பொருள். ஆசிரியர் சொன்ன பாடத்தை மாணவர்க்கு மீண்டும் ஓதிக் காட்டி, விளங்காதவற்றை விளக்குவது அவர் பணி. ஆசிரியரை விட மாணவர்க்கு அணுக்கமானவர் அவர். தாம் நேற்று இடறிய இடம் அவர் நினைவில் இருக்கும். ஆகவே, இன்று இடறுபவனின் கையைப் பற்றுவது அவருக்கு எளிது. ஏனையோரைப் போலப் பாடம் கேட்பதுடன் நில்லாமல், மாணவர் சிலருக்கேனும் அதை விளங்கவைத்துப் பயன் தருதல் முஈதின் கடமை என 14-ஆம் நூற்றாண்டின் திமிஷ்க் அறிஞர் தாஜுத்தீன் சுப்கீ எழுதினார்.

மாணவர் கூடிப் பாடத்தை நினைவூட்டிக் கொள்வது முதாகரா. வாதிட்டு உண்மை காண்பது முனாழரா. இவ்விரண்டும் கல்விக்கு இன்றியமையாதவை என்று, மாணவர்க்கென நூல் யாத்த ஸர்னூஜீ வலியுறுத்தினார். சினம் புகுந்தால் பயன் கெடும் என்றும் அவர் எச்சரித்தார்.

1258-இல் மங்கோலியர் படை பக்தாதைச் சூறையாடிற்று, கலீபா கொல்லப்பட்டார். ஆயினும், 1327-இல் அந்நகருக்கு வந்த இப்னு பதூதா, முஸ்தன்ஸிரிய்யாவில் ஆசிரியரின் வலமும் இடமும் முஈதுகள் அமர்ந்து, அவர் சொல்வதைத் திருப்பிச் சொல்லக் கண்டார். அரசு வீழ்ந்த பின்னரும் அம்முறை வீழவில்லை. முஈது என்பது ஊதியத்துடன் கூடிய பதவியாக இருந்ததும் அதற்கொரு காரணம் எனலாம்.

நாமும் மதரஸாக்களுக்கும் பள்ளிகளுக்கும் நிதி திரட்டுகிறோம், கட்டிடங்கள் உயர்கின்றன. ஆனால், பாடம் விளங்காமல், கேட்கவும் கூசி, பின்வரிசையில் மௌனமாய் அமர்ந்திருக்கும் பிள்ளையின் அருகே சென்று அமர ஒருவரை நியமிக்க, அந்நிதியில் நாம் எவ்வளவு ஒதுக்குகிறோம்?