சொட்டு மருந்து போட்டும் கண் எரிச்சல் தீரவில்லையா? முகத்தையும் டாக்டரிடம் காட்டுங்கள்

கண்ணுக்குள் மணல் விழுந்ததுபோல உறுத்தல். காலையில் எழுந்தால் இமை ஓரத்தில் பிசுபிசுப்பு. அடிக்கடி கண்கட்டி. சொட்டு மருந்தை மாற்றி மாற்றிப் போட்டும் ஒன்றும் சரியாகவில்லை. இப்படி மாதக்கணக்கில் அவதிப்படுகிறீர்களா? ஒரு தடவை கண்ணாடியில் முகத்தையும் பாருங்கள். வெயிலில் நின்றாலோ காரம் சாப்பிட்டாலோ கன்னமும் மூக்கும் குப்பென்று சூடேறுகிறதா, பரு மாதிரி சின்னக் கட்டிகள் வந்து போகின்றனவா? அப்படியென்றால் காரணம் ரோசேசியாவாக இருக்கலாம்.

ரோசேசியா என்பது முகத்தோலில் வரும் நாள்பட்ட அழற்சி. யாருக்கும் ஒட்டிக்கொள்ளாது. இது உள்ளவர்களில் பாதிப் பேர் வரை கண்ணிலும் பாதிக்கப்படுகிறார்கள். சுமார் 5-ல் ஒருவருக்குக் கண்ணில்தான் முதலில் தெரியும். தோலில் பிறகுதான் வரும்.

'அது வெள்ளைக்காரர்களுக்கு வரும் நோயாச்சே' என்ற எண்ணம் இங்கே பரவலாக இருக்கிறது. மாநிறத் தோலில் சிவப்பு எளிதில் தெரியாது என்பதும் அதற்கு ஒரு காரணம். அதனால் நிறத்தை மட்டும் பார்க்காமல், சூடு, எரிச்சல், குத்தல் இருக்கிறதா என்று கவனியுங்கள்.

கண்ணில் என்ன நடக்கிறது?

மேல் இமையில் 25 முதல் 40, கீழ் இமையில் 20 முதல் 30 என்ற அளவில் மெய்போமியன் சுரப்பிகள் இருக்கின்றன. இவை சுரக்கும் எண்ணெய்தான் கண்ணீரின் மேல் படலமாகப் படர்ந்து, அது ஆவியாகாமல் காக்கிறது. ரோசேசியாவில் இந்த எண்ணெய் உறைந்த நெய் மாதிரி கெட்டியாகிவிடும். கண்ணீர் சுரந்தாலும் நிற்காது. வெறும் சொட்டு மருந்து ஏன் போதவில்லை என்பது இப்போது புரிந்திருக்கும்.

உறைந்த நெய்யை உருக்கச் சூடு வேண்டும். சுத்தமான துணியை, கை பொறுக்கும் வெதுவெதுப்பான நீரில் பிழிந்து, மூடிய இமைமேல் 5 முதல் 10 நிமிடம் வையுங்கள். துணி இரண்டு நிமிடத்தில் ஆறிவிடும், மறுபடி நனைக்க வேண்டும். பலர் தவறவிடுவது இந்த இடத்தில்தான். பிறகு மேல் இமையைக் கீழ்நோக்கியும், கீழ் இமையை மேல்நோக்கியும் மெதுவாக நீவி, இமை ஓரத்தைத் துடைத்துவிடுங்கள். தினமும் செய்தால் சில வாரங்களில் வித்தியாசம் தெரியும். இமையின் உள்விளிம்பில் மை தீட்டும் பழக்கத்தைக் கொஞ்ச நாள் தள்ளிவையுங்கள், அது சுரப்பிகளின் வாயை அடைக்கும்.

செயற்கைக் கண்ணீரை நாளுக்கு நாலு தடவைக்கு மேல் போடுகிறீர்கள் என்றால் பிரிசர்வேட்டிவ் இல்லாததாகக் கேட்டு வாங்குங்கள். கண் சிவப்பை உடனே போக்கும் சொட்டுகள் வேண்டாம். விட்டால் சிவப்பு முன்பைவிட அதிகமாகத் திரும்பும்.

இதற்கும் அடங்காவிட்டால் டாக்டர்கள் டாக்சிசைக்ளின் மாத்திரையைச் சில வாரங்களுக்குக் குறைந்த அளவில் தருவதுண்டு. இங்கே அதன் முக்கிய வேலை கிருமியைக் கொல்வதல்ல, அழற்சியைத் தணிப்பது. கர்ப்பிணிகளுக்கு இது ஆகாது. சிலருக்கு சைக்ளோஸ்போரின் சொட்டும் உண்டு.

ஸ்டீராய்டு எச்சரிக்கை

நம் நாட்டில் பெரிய ஆபத்து இதுதான். நிறம் கூட்டவும் பருவுக்கும் என்று மெடிக்கலில் சீட்டில்லாமல் வாங்கிப் பூசும் களிம்புகளில் பல, ஸ்டீராய்டு கலந்தவை. பெட்டாமெத்தசோன், குளோபெட்டசால், மொமெட்டசோன் என்று டியூபில் எழுதியிருக்கும். முதலில் முகம் பளிச்சென்று ஆகும். மாதக்கணக்கில் பூசினால் ரோசேசியா மாதிரியான அழற்சியை இந்தக் களிம்பே கிளப்பிவிடும். இவற்றில் பலவற்றைச் சீட்டில்லாமல் விற்கக் கூடாது என்று 2018-ல் மத்திய அரசு விதியை இறுக்கியது. கடைக்குப் போய்ப் பாருங்கள், நிலைமை தெரியும்.

ஏற்கெனவே பூசிக்கொண்டிருக்கிறீர்களா? திடீரென்று நிறுத்தினால் முகம் கொதித்துவிடும். தோல் டாக்டர் சொல்கிறபடி குறையுங்கள்.

ஸ்டீராய்டு கண் சொட்டும் அப்படித்தான். டாக்டர் பார்வையில் சில நாட்களுக்குப் பயன்படும். பழைய சீட்டைக் காட்டி நீங்களாகவே தொடர்ந்தால் கண் அழுத்தம் கூடி குளுக்கோமாவும், கண்புரையும் வரலாம். போட்டிருந்தால் அழுத்தத்தை அளக்கச் சொல்லிக் கேளுங்கள்.

கண்வலி, வெளிச்சம் பார்க்க முடியாத கூச்சம், மங்கல், கருவிழியில் வெள்ளைப் புள்ளி: இவற்றில் எது வந்தாலும் அன்றைக்கே கண் டாக்டரிடம் போங்கள். அழற்சி கருவிழியைத் தொட்டிருக்கலாம், அந்தத் தழும்பு பார்வையை நிரந்தரமாகக் குறைத்துவிடும்.