தப்பொலியும் ஒலிப்பதிவும்: டிக்கோயாவை முன்வைத்து ஒரு குறிப்பு

மலையகத் தோட்டங்களில் விடியுமுன் தொழிலாளரைப் பிரட்டுக்களத்திற்கு அழைத்தது தப்பொலியே. காமன் கூத்திலும் இழவு வீட்டிலும் முழங்கிய தோற்கருவி துரைமாரின் வேலைநேரக் குரலுமாயிற்று. 1983இல் நூலாக வந்த சி. வி. வேலுப்பிள்ளையின் ‘மலைநாட்டு மக்கள் பாடல்கள்’ சொற்களைக் காத்தது. ஒலியை அச்சுக் காக்காது.

ஒலியைச் செயற்கையாக ஆக்கலாமெனின், வானொலிக் கலையகத்தில் சல்லடையில் உருளும் பயறு மழையாகும். சிரட்டை குதிரைக் குளம்பாகும். டிக்கோயா லயத்தின் தகரக்கூரை மழைக்கு அவை ஈடாகா. ஒலிப்பதிவைத் தொடங்குவோர் அங்கேயே செல்லல் வேண்டும். தீயில் காய்ச்சிய தப்பின் தோல் ஆற ஆறச் சுருதி தளரும். ஆகவே காய்ச்சியவுடனும் சற்றுப் பின்னும் தனித்தனியே பதிதல் தக்கது. பதிவின் தொடக்கத்தில் அடிப்பவர் தம் பெயரையும் அடியின் பெயரையும் தாமே கூறட்டும். சாதியால் இழிக்கப்பட்ட அக்கலைஞர்களை இதுவரை பெரும்பாலும் பெயரின்றியே விட்டுவிட்டோம்.