வரிசையின் கடைசியில் நின்றவர்கள்

(கொள்ளைநோய்க் காலத்தில் அறிவுசார் குறைபாடு உடையோர் – ஒரு வரலாற்றுப் பார்வை)

கொள்ளைநோய்க்கு ஏழை, பணக்காரன் என்ற வேறுபாடு கிடையாது என்று பெரியவர்கள் சொல்வதுண்டு. கிருமியைப் பொறுத்தவரை இது ஓரளவு உண்மையாக இருக்கலாம். மருத்துவத்தைப் பொறுத்தவரை உண்மையன்று. படுக்கைகள் குறைந்து நோயாளிகள் பெருகும் வேளையில், யாரை முதலில் கவனிப்பது என்ற கேள்வி எழுகிறது. ஒரு சமுதாயம் அதற்கு என்ன விடை தருகிறது என்பதில்தான் அதன் உண்மையான உள்ளம் வெளிப்படுகிறது.

2020-ஆம் ஆண்டில் கோவிட் நோய் உலகெங்கும் பரவியபோது, அறிவுசார் குறைபாடு உடைய மக்களுக்கு அந்த விடை எப்படி அமைந்தது? அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் நடந்தவற்றை இங்கே காண்போம். இரண்டும் செல்வமும் மருத்துவ வசதியும் நிறைந்த நாடுகள். அங்கே நேர்ந்தது நமக்கும் பாடமாகும்.

முன்பு நாம் 'மனவளர்ச்சி குன்றியோர்' என்று குறிப்பிட்டு வந்தவர்களையே இன்று அறிவுசார் குறைபாடு உடையோர் என்கிறோம். இது மனநோய் அன்று, தொற்றுவதும் அன்று. பிறவியிலேயோ இளமையிலேயோ ஏற்பட்டு, கற்பதையும் பேசுவதையும் அன்றாட வேலைகளையும் கடினமாக்கும் நிலை இது. உதவி கிடைத்தால் இவர்கள் பல்லாண்டுகள் மகிழ்வோடு வாழ்கிறார்கள்.

முன்னர் நடந்த ஒரு கதை

நியூயார்க் நகரைச் சேர்ந்த ஸ்டேட்டன் தீவில், வில்லோபுரூக் என்ற அரசு இல்லம் 1947-இல் இத்தகைய பிள்ளைகளுக்காகத் திறக்கப்பட்டது. 4,000 பேருக்கென்று அமைந்த அந்த இல்லத்தில் 1965-இல் 6,000-க்கும் மேற்பட்டோர் அடைந்து கிடந்தனர். நெருக்கடியும் அசுத்தமும் சேர்ந்து, கல்லீரலைத் தாக்கும் தொற்றுக் காமாலை அங்கே நிலையாகக் குடிகொண்டது.

1956 முதல் டாக்டர் சால் குரூக்மன் தலைமையிலான குழுவினர், அங்கே புதிதாகச் சேர்ந்த சில பிள்ளைகளுக்கு வேண்டுமென்றே அந்த நோய்க்கிருமியைச் செலுத்தி ஆராய்ச்சி செய்தனர். எப்படியும் வரப்போகும் நோய்தானே என்பது அவர்கள் வாதம். பெற்றோரின் ஒப்புதல் பெறப்பட்டது. ஆனால் 1964-இன் இறுதியில், இடமில்லை என்று இல்லத்தின் பொதுவாயில் அடைக்கப்பட்ட நிலையிலும், ஆராய்ச்சிப் பிரிவின் வாயில் திறந்தே இருந்தது. வேறு புகலிடம் அறியாத தாய் தந்தையரின் கையெழுத்தை எவ்வளவு தூரம் மனமுவந்த ஒப்புதல் என்று கொள்ள முடியும்?

அந்த ஆராய்ச்சியால் மருத்துவ அறிவு வளர்ந்தது என்பதை மறுப்பதற்கில்லை. அதற்கு விலை கொடுத்தவர்கள் யார் என்பதையும் மறப்பதற்கில்லை. 1972-இல் தொலைக்காட்சிச் செய்தியாளர் ஹெரால்டோ ரிவேரா அங்கிருந்த அவலத்தைப் படம் பிடித்து நாட்டுக்குக் காட்டினார். பெற்றோர் தொடுத்த வழக்கில் 1975-இல் தீர்வு பிறந்தது. 1987-இல் இல்லமே மூடப்பட்டது.

உயிரை அளந்த கோல்

இவையெல்லாம் பழங்கதை என்று எண்ணியிருந்த வேளையில்தான் கோவிட் வந்தது. அமெரிக்காவில் அலபாமா மாநில அரசு 2010-இல் ஓர் அவசரகாலத் திட்டம் வகுத்திருந்தது. செயற்கைச் சுவாசக் கருவிகள் போதாத காலம் வந்தால், கடுமையான அறிவுசார் குறைபாடு உடையோர் அக்கருவிக்கு உரியவராகக் கருதப்படுவது அரிது என்று அதில் எழுதப்பட்டிருந்தது. 2020 மார்ச்சில் உரிமைக் குழுவினர் முறையிட்டனர். மத்திய அரசின் குடிமை உரிமைகள் அலுவலகம் தலையிட, ஏப்ரல் 8-ஆம் நாள் அந்த விதி விலக்கப்பட்டது. பத்து ஆண்டுகள் ஒரு கோப்புக்குள் உறங்கிய வரி அது. யாரும் கேட்டிராவிட்டால் நெருக்கடி வந்த அன்று விழித்துக்கொண்டிருக்கும்.

இங்கிலாந்தில் கதை வேறு விதமாக நடந்தது. 2020 மார்ச் 20-ஆம் நாள், தீவிர சிகிச்சைப் பிரிவில் யாரைச் சேர்ப்பது என்று மருத்துவர்களுக்கு வழிகாட்டும் குறிப்பு வெளியாயிற்று. முதியோரின் உடல் தளர்ச்சியை 1 முதல் 9 வரை எண்ணிட்டு அளக்கும் ஒரு கோலை அது கையாண்டது. குளிக்கவும் உடுத்தவும் பிறர் துணை வேண்டுமா என்பது அக்கோலின் கேள்விகளுள் ஒன்று. நல்ல உடல்நலம் உள்ள இருபது வயது இளைஞன், அறிவுசார் குறைபாட்டினால் தாயின் கையால் குளிக்கிறவன் என்றால், நோயில் தளர்ந்த முதியவரின் எண்ணே அவனுக்கும் விழும்! பெற்றோரும் அமைப்புகளும் குரல் எழுப்பினர். ஐந்தே நாளில், மார்ச் 25-ஆம் நாள், குறிப்பு திருத்தப்பட்டது. இளையோருக்கும், நிலையான குறைபாடு உடையோருக்கும் அக்கோலைப் பயன்படுத்தலாகாது என்று அதில் சேர்க்கப்பட்டது.

இதைவிட அமைதியாக நடந்தது ஒன்று உண்டு. இதயம் நின்றால் மீட்க முயல வேண்டாம் என்று நோயாளியின் ஏட்டில் முன்கூட்டியே எழுதி வைக்கும் வழக்கம் அங்கே இருக்கிறது. உரிய காரணத்தோடும் கலந்து பேசியும் எழுதினால் அது தவறன்று. ஆனால் கோவிட் வருமுன்பே, 2019-இல் வெளியான ஓர் ஆய்வறிக்கை, இறந்தவர்களுள் 19 பேரின் ஏடுகளில் அதற்குக் காரணமாக 'அறிவுசார் குறைபாடு' அல்லது 'டவுன் நோய்க்குறி' என்றே எழுதியிருந்ததைக் கண்டது. குறைபாட்டையே காரணமாகக் காட்டலாகாது என்று 2020 ஏப்ரலில் தேசிய மருத்துவப் பணியின் தலைமை மீண்டும் எழுதி அறிவிக்க வேண்டியதாயிற்று.

எண்கள் சொன்ன உண்மை

2020 நவம்பரில் இங்கிலாந்துப் பொதுச் சுகாதாரத் துறை ஒரு கணக்கை வெளியிட்டது. மார்ச் 21 முதல் ஜூன் 5 வரை, அறிவுசார் குறைபாடு உடையோராகப் பதிவு செய்யப்பட்டவர்களுள் இலட்சத்துக்கு 451 பேர் கோவிட்டினால் இறந்தனர். வயதையும் பாலையும் ஒப்பிட்டுச் சரிசெய்தால் இது பொதுமக்களின் இறப்பைப்போல் 4.1 மடங்கு. கணக்கில் விடுபட்ட இறப்புகளையும் மதிப்பிட்டுச் சேர்த்தால் 6.3 மடங்கு வரை போகும். 18 முதல் 34 வயதுள்ளோரிடையே இது 30 மடங்கு!

ஏன் இப்படி? வலிப்பு, நுரையீரல் கோளாறு, இதயக் குறை முதலியவை இவர்களிடையே மிகுதி. பலர் பராமரிப்பு இல்லங்களில் கூட்டாக வாழ்கின்றனர். எல்லாவற்றுக்கும் மேலாக, 'மூச்சு முட்டுகிறது' என்று சொல்லத் தெரியாதவர்கள் பலர். உணவை ஒதுக்குவதும், ஒரு மூலையில் முடங்குவதும், காரணமின்றிச் சினப்பதுமே அவர்களுடைய மொழி. அதைக் கண்ட மருத்துவர், 'இவருடைய இயல்பே இப்படித்தான்' என்று கடந்துபோனால் நோய் உள்ளே முற்றிவிடுகிறது.

அந்த மொழி தெரிந்தவர் தாயோ, உடன்பிறந்தவரோ, நாள்தோறும் பராமரிப்பவரோ ஆவார். தொற்றுக்கு அஞ்சி மருத்துவமனைகள் பார்வையாளர்களைத் தடுத்தபோது அந்த மொழிபெயர்ப்பாளரையும் சேர்த்தே வெளியே நிறுத்திவிட்டன. 2020 ஏப்ரலில் இங்கிலாந்திலும், ஜூனில் அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்திலும், இத்தகைய நோயாளிகளுக்குத் துணையாள் இருக்கலாம் என்று விதிகள் தளர்த்தப்பட்டன.

தடுப்பூசி வந்தபின்னும் வரிசைச் சிக்கல் தீரவில்லை. இங்கிலாந்தில் குறைபாடு கடுமையாக இல்லாத பலருக்கு முன்னுரிமை இருக்கவில்லை. 2021 பிப்ரவரியில் புகழ்பெற்ற வானொலி அறிவிப்பாளர் ஜோ வைலிக்குத் தடுப்பூசி அழைப்பு வந்தது. அறிவுசார் குறைபாட்டோடு நீரிழிவும் உள்ள அவருடைய தங்கைக்கு வரவில்லை. தங்கையோ நோய்ப்பட்டு மருத்துவமனை சேர்ந்தார். அக்காள் அதை வானொலியில் வெளிப்படையாகப் பேசினார். பிப்ரவரி 24-ஆம் நாள், மருத்துவர்களின் குறைபாட்டுப் பதிவேட்டில் உள்ள அனைவரையும் அழைக்குமாறு நிபுணர் குழு பரிந்துரைத்தது. குறைந்தது 1,50,000 பேருக்கு வழி திறந்தது. தங்கையும் நலம் பெற்றார்.

நாம் கொள்ள வேண்டிய பாடம்

இவ்வரலாறு முழுவதிலும் ஒரே உண்மை திரும்பத் திரும்பத் தெரிகிறது. தவறான விதிகள் தாமாகத் திருந்தவில்லை. தமக்காகப் பேச இயலாதவர்களுக்காக யாரோ ஒருவர் பேசியபோதே திருந்தின. பேசும்வரை கடந்த நாள்களில் எத்தனை உயிர்கள் போயின என்பதையும் நாம் எண்ணிப் பார்க்க வேண்டும்.

நம் நாட்டின் 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், சிகிச்சையில் இவர்களுக்கு முன்னுரிமை உண்டு என்று 25-ஆம் பிரிவில் கூறுகிறது. சட்டம் ஏட்டில் இருந்தால் போதாது; அதைச் சொல்லிக் கேட்க ஆள் வேண்டும். அடுத்த கொள்ளைநோய்க்கு முன் நாம் செய்யக்கூடியது பெரிய காரியமன்று. இத்தகைய பிள்ளை உள்ள வீட்டில் ஒரு தாள் இருக்கட்டும். உண்ணும் மருந்து, ஒவ்வாத மருந்து, வலி வந்தால் காட்டும் அடையாளம், எதற்கு அஞ்சும், எதனால் அமைதியுறும் என்பவற்றை அதில் எழுதி வையுங்கள். இங்கிலாந்து மருத்துவமனைகளில் இத்தகைய ஏடு நல்ல பயன் தந்து வருகிறது. நம் தெருவில் அப்படிப்பட்ட பிள்ளை யார் வீட்டில் உண்டு, தாய் படுத்துவிட்டால் உடன் செல்வார் யார் என்பதை அக்கம்பக்கத்தார் முன்கூட்டியே அறிந்திருப்போம்.

வரிசையின் கடைசியில் நிற்பவனுக்குக் குரல் இல்லாமல் இருக்கலாம். அவனுக்கு முன்னால் நிற்கும் நமக்கு அது இருக்கிறது.